20 ஷாட் அடித்தும் தோற்ற அணி நன்றாக ஆடியதா?

கேள்வி இதுதான்: "எங்கள் கால்பந்து அணி 20 ஷாட் அடித்தது, எதிரணி அடித்தது 5. ஆனாலும் 1-0 என்று தோற்றுவிட்டோம். கணக்குப்படி பார்த்தால் நாங்கள்தானே நன்றாக ஆடினோம்? எக்ஸ்ஜி என்று ஒன்று சொல்கிறார்களே, அதை நம்பலாமா? ஷாட் கணக்கை வைத்து ஒரு அணியையோ வீரரையோ எடைபோட முடியுமா?"

முடியும். ஆனால் 20, 5 என்ற இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடியாது. ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து வந்தது, அந்த நேரத்தில் ஸ்கோர் என்ன என்ற இரண்டு விவரமும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். பல வருடமாக ஆட்டம் பார்க்கும்போதெல்லாம் மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஷாட் குறித்து வருகிறேன். அதில் தெரிந்துகொண்டதையும், இந்தத் துறைக்காரர்களின் வேலையைப் படித்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் இடம். கோல் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே 7.32 மீட்டர். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். அங்கே நின்று பார்த்தால் இரண்டு கம்பங்களும் கண்ணுக்கு ஏறக்குறைய 37 டிகிரி விரிந்து தெரியும். அப்படியே நேராகப் பின்னால் நடந்து 25 மீட்டருக்குப் போனால் அது 17 டிகிரியாகச் சுருங்கிவிடும். இது எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். இப்போது வேறொரு இடத்துக்கு வாருங்கள். கோல் கோட்டிலிருந்து ஐந்தரை மீட்டர்தான், ஆனால் நடுவிலிருந்து 10 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நிற்கிறீர்கள். கோலின் நடுப்புள்ளி இங்கிருந்து 11.4 மீட்டர், கிட்டத்தட்ட பெனால்டி தூரமே. கோணமோ வெறும் 19 டிகிரி. 25 மீட்டரில் நேர் எதிரே நிற்பவருக்குத் தெரிவதைவிட ஒரு துளி அதிகம், அவ்வளவுதான். அந்த இடுக்கையும் கோல்கீப்பர் முன்னால் வந்து அடைத்துக்கொண்டு நிற்பார். "இவ்வளவு பக்கத்தில் வந்து கோட்டை விட்டானே" என்று நாம் தலையில் அடித்துக்கொள்ளும் வாய்ப்புகளில் பல இந்த ரகம்தான். வீரர் பெரிதாக எதையும் கோட்டைவிடவில்லை. அந்த இடத்திலிருந்து பெரும்பாலும் கோல் விழாது.

எக்ஸ்ஜி, அதாவது எக்ஸ்பெக்டட் கோல்ஸ், இந்த விஷயத்தைத்தான் எண்ணாக்குகிறது. பழைய ஆட்டங்களின் ஆயிரக்கணக்கான ஷாட்களை எடுத்துக்கொள்கிறார்கள். தூரம், கோணம், காலால் அடித்ததா தலையால் முட்டியதா, பந்து எப்படி வந்து சேர்ந்தது, இதையெல்லாம் வைத்து "இந்த மாதிரி ஷாட்டில் நூற்றுக்கு எத்தனை கோலானது" என்று ஒரு கணக்கு போடுகிறார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு மதிப்பு கிடைக்கும். பெனால்டிக்கு முக்கால் கோலுக்குக் கொஞ்சம் மேலே, 0.76 முதல் 0.79 வரை. எல்லா ஷாட்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் சுமார் 0.1, பத்துக்கு ஒன்று. பாக்ஸுக்கு, அதாவது கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் பெனால்டி கட்டத்துக்கு, வெளியே இருந்து அடிக்கும் சாதாரண ஷாட்டுக்கு 0.03, 0.04 என்ற அளவில்தான் கிடைக்கும். ஒரே இடத்தில் காலுக்கு வரும் பந்தைவிடத் தலைக்கு வரும் பந்துக்கு மதிப்பு குறைவு.

இப்போது உங்கள் ஆட்டத்துக்கு வருவோம். அந்த 20 ஷாட்டில் 14 பாக்ஸுக்கு வெளியே இருந்து வந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 0.03 என்றால் மொத்தம் 0.42. மீதி 6 பாக்ஸுக்குள்தான், ஆனால் நெரிசலில் தலையால் முட்டிய ஹெடர்கள், ஒவ்வொன்றும் 0.07, அதுவும் 0.42. ஆக மொத்தம் 0.84. எதிரணியின் ஐந்தில் ஒன்று கோல் வாசலில் காலை வைத்தாலே போதும் என்ற வாய்ப்பு, 0.45. இரண்டு நடுத்தர வாய்ப்பு, ஒவ்வொன்றும் 0.15. மீதி இரண்டு தூரத்திலிருந்து, தலா 0.03. கூட்டினால் 0.81. 20-க்கு 5 என்று ஒருதலைப்பட்சமாகத் தெரிந்த ஆட்டம் சரிக்குச் சரியாகிவிட்டது. உங்கள் ஆட்டத்தில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கலாம், பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள் என்கிறேன்.

ஆன் டார்கெட் எண்ணிக்கை, அதாவது தடுக்காவிட்டால் கோலுக்குள் போகும் ஷாட்களின் எண்ணிக்கை, இதற்கு மாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 30 மீட்டரிலிருந்து கீப்பரின் கைக்கே உருண்டுபோகும் பந்து ஆன் டார்கெட். கிராஸ்பார் என்ற மேல்கம்பம் அதிர அடித்துத் திரும்பி வருகிற பந்து ஆன் டார்கெட் கிடையாது. கணக்கெழுதும் விதி அப்படி.

மொத்த எக்ஸ்ஜி சமமாக இருந்தாலும் இரண்டு அணிகளின் நிலைமை ஒன்றல்ல என்பதையும் பாருங்கள். ஒரு அணி தலா 0.1 மதிப்பில் பத்து ஷாட் அடிக்கிறது. இன்னொன்று தலா 0.5 மதிப்பில் இரண்டே ஷாட். இரண்டுக்கும் கூட்டுத்தொகை 1.0. ஆனால் முதல் அணி ஒரு கோல்கூட அடிக்காமல் போவதற்கு 35 சதவீதம் வாய்ப்பு. இரண்டாவது அணிக்கு அது 25 சதவீதம்தான். இந்த இரண்டும் மோதினால் இரண்டு ஷாட் அணி வெல்வதற்கு 36 சதவீதம், பத்து ஷாட் அணி வெல்வதற்கு 31 சதவீதம், மீதி டிரா. காகிதம் பென்சில் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். நான் முதல்முறை இதைப் போட்டுப் பார்த்த பிறகு "நிறைய அடித்துக்கொண்டே இரு, ஒன்று உள்ளே போகும்" என்ற பேச்சைக் கேட்கும் விதமே மாறிப்போனது.

கூட்டும்போது இன்னொரு கவனம் வேண்டும். கோல் வாசலில் கைகலப்பு மாதிரி ஒரு நெரிசல். முதல் ஷாட் 0.4, கீப்பர் தட்டுகிறார். திரும்பி வந்தது 0.5, டிஃபெண்டர் காலில் பட்டுத் தெறிக்கிறது, மறுபடி 0.5. சும்மா கூட்டினால் 1.4. ஒரே தாக்குதலில் அதிகபட்சம் ஒரு கோல்தான் விழ முடியும், 1.4 எப்படி வரும்? மூன்றும் தவறுவதற்கான வாய்ப்பு 0.6 × 0.5 × 0.5, அதாவது 0.15. ஆகவே அந்தத் தாக்குதலின் உண்மையான மதிப்பு 0.85. ஒரு ஆட்டத்தில் எக்ஸ்ஜி திடீரென்று வானத்துக்கு எகிறியிருந்தால் இப்படி ஒரு நெரிசல் அதில் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெனால்டியையும் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு கைபட்ட பந்துக்காக 0.76 சேர்ந்துவிட்டால் மீதி 90 நிமிடம் எப்படிப் போனது என்பதே மறைந்துவிடும்.

அப்புறம் ஸ்கோர். இதை விளக்க 2014 ஜூலை 8-ஆம் தேதி பெலோ ஹொரிசோண்டேயில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. பிரேசில் 1, ஜெர்மனி 7. அந்த ஆட்டத்தில் அதிக ஷாட் அடித்தது யார் தெரியுமா? பிரேசில். அவர்கள் 18, ஜெர்மனி 14. வெறும் எண்ணிக்கையை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால் பிரேசில் ஓரளவு நன்றாக ஆடியது என்றுதான் சொல்வார். நடந்ததோ வேறு. 11-ஆவது நிமிடம் முதல் கோல். 23, 24, 26, 29 என்று அடுத்தடுத்து நான்கு. அரை மணி நேரத்துக்குள் 5-0. அதற்குப் பிறகு ஜெர்மனிக்கு என்ன அவசரம்? இறுதி ஆட்டம் காத்திருக்கிறது, காலைக் காப்பாற்றிக்கொண்டு ஆடினால் போதும். பிரேசிலுக்கு மானப் பிரச்சினை. இடைவேளை முடிந்து வந்ததும் மேலே ஏறி ஏறி வந்தார்கள். பாலினோ அடித்ததை ஜெர்மனி கோல்கீப்பர் நோயர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை மறுபடி அடித்தபோது அதையும் தடுத்தார். இதெல்லாம் ஷாட் கணக்கில் ஏறிக்கொண்டே போனது. ஆனால் ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது.

இது விதிவிலக்கு கிடையாது, எல்லா ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் நடப்பதுதான். முன்னணியில் இருக்கும் அணி பின்வாங்கி நிற்கும், பந்தை எதிரணியிடம் விட்டுவிடும். பின்தங்கிய அணி அவசரத்தில் கண்ட இடத்திலிருந்தெல்லாம் அடிக்கும். எதிர்த்தாக்குதலில் முன்னணி அணிக்குக் குறைந்த எண்ணிக்கையில், ஆனால் நல்ல வாய்ப்புகள் கிடைக்கும். அதனால் ஸ்கோர் சமமாக இருந்த நேரத்து ஷாட்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். நீங்கள் 15-ஆவது நிமிடத்திலேயே கோல் வாங்கியிருந்தால், அந்த 20 ஷாட்டில் பெரும்பகுதி எதிரணி விரும்பிக் கொடுத்ததாகக்கூட இருக்கலாம்.

ஷாட் கணக்கில் வராமலே போவது என்ன என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2022 உலகக் கோப்பையில் நவம்பர் 22 அன்று சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது. சவுதி அந்த ஆட்டம் முழுக்க அடித்தது மூன்றே ஷாட். இரண்டு கோல். அர்ஜென்டினா அதைப்போலப் பல மடங்கு அடித்தது, 10-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸியின் பெனால்டி கோலும் அதில் உண்டு. எக்ஸ்ஜி பட்டியலைப் பார்ப்பவர் "முழுக்க அதிர்ஷ்டம்" என்று மூடி வைத்துவிடுவார். அல்-ஷெஹ்ரி 48-ஆவது நிமிடத்தில் அடித்ததிலும், 53-ஆவது நிமிடத்தில் அல்-தவ்சாரி பாக்ஸின் விளிம்பிலிருந்து வளைத்து அடித்ததிலும் அதிர்ஷ்டம் கலந்திருந்தது என்பது உண்மைதான். அந்த மாதிரி ஷாட் பத்தில் ஒன்று போவதே அபூர்வம்.

ஆனால் முதல் பாதியை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். அர்ஜென்டினா மூன்று முறை பந்தை வலைக்குள் தள்ளியது, மூன்றும் ஆஃப்சைடு, அதாவது பந்து கொடுக்கப்பட்ட நொடியில் வீரர் எதிரணித் தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்றதால் செல்லாதவை. சவுதியின் பயிற்சியாளர் எர்வே ரெனார் தற்காப்பு வரிசையை மைதானத்தின் நடுப்பகுதி வரை ஏற்றி நிறுத்தியிருந்தார். ஒரு அடி பிசகினால் மெஸ்ஸியோ லாவுத்தாரோ மார்ட்டினஸோ கீப்பரிடம் தனியாகப் போய்விடுவார்கள். தெரிந்தேதான் செய்தார். ஆஃப்சைடில் அடித்தது ஷாட்டாகவே பதிவாகாது. ஆகவே அந்த மூன்று தாக்குதலும் எக்ஸ்ஜியில் பூஜ்யம். சவுதியின் துணிச்சல் வெற்றி கண்ட இடம் அதுதான், அர்ஜென்டினா கதவை உடைக்க நெருங்கிய இடமும் அதுதான். இரண்டும் பட்டியலில் கிடையாது. ஒரு ஆட்டத்தின் தரவு எதைக் காட்டவில்லை என்று தேடிப் பார்க்கும் ஆசை எனக்கு இந்த ஆட்டத்தில்தான் வந்தது.

இதேபோல, கோலுக்குக் குறுக்கே தாழ்வாக ஒரு பந்து போகிறது, இரண்டு பேர் சறுக்கிப் பாய்கிறார்கள், யாருடைய காலிலும் படவில்லை. ஷாட் இல்லை, எக்ஸ்ஜி பூஜ்யம். தனியாக ஓடிப்போன ஸ்ட்ரைக்கர் கீப்பரைத் தாண்டப் பார்த்து இடறி விழுகிறார். அதுவும் பூஜ்யம். என் நோட்டில் இவற்றுக்குத் தனியாக ஒரு சின்ன வட்டம் போட்டு வைப்பேன்.

சரி, இவ்வளவு ஓட்டை இருந்தால் ஏன் இதை நம்ப வேண்டும்? ஒரு ஆட்டத்துக்கு நம்ப வேண்டாம். பதினைந்து இருபது ஆட்டம் சேரும்போது ஓட்டைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன, அப்போது இது கோல் கணக்கைவிட நேர்மையாகப் பேசுகிறது. கால்பந்தில் கோல் அவ்வளவு அபூர்வம். ஒரு ஆட்டத்தில் இரண்டு மூன்று விழுந்தாலே பெரிது. ஆனால் ஷாட் இருபதுக்கு மேல் கிடைக்கும். அதிகச் சாட்சிகள் உள்ள வழக்கு மாதிரி.

2014-15 பருவத்தின் ஜெர்மன் அணி போருசியா டோர்ட்மண்டை எடுத்துக்கொள்ளுங்கள். யூர்கன் க்ளோப் பயிற்சியாளர். முதல் 17 ஆட்டத்தில் 15 புள்ளி மட்டுமே எடுத்து, 18 அணிகளில் 17-ஆவது இடத்தில் இருந்தார்கள். க்ளோப்பின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதினார்கள். ஆனால் ஷாட் தரவோ அவர்கள் நல்ல வாய்ப்புகளை உருவாக்கிக்கொண்டேதான் இருந்தார்கள் என்றது. கோல் மட்டும் விழவில்லை. பருவம் முடிந்தபோது ஏழாவது இடம். அடுத்த அக்டோபரில் க்ளோப் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு வந்தார். அங்கே ஆய்வுப் பிரிவை நடத்திய இயன் கிரஹாம், டோர்ட்மண்ட் மைன்ஸ் அணியிடம் 2-0 என்று தோற்ற ஆட்டத்தின் கணக்கை அவரிடம் காட்டினார். எவ்வளவு அநியாயமாகத் தோற்றோம் என்று க்ளோப் உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிட்டாராம். கிரஹாம் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. தரவை மட்டும் வைத்தே, மைதான ஓரத்தில் நின்றவர் உணர்ந்ததை எட்டிவிட்டார்.

வீரர்களை எடைபோடும்போதுதான் அதிகத் தவறு நடக்கிறது. ஒரு ஸ்ட்ரைக்கர் ஒரு பருவத்தில் 100 ஷாட் அடிக்கிறார், ஒவ்வொன்றும் 0.1 என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு 10 கோல். தற்செயலால் மட்டுமே அது எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டால் மூன்று கோல் இந்தப் பக்கம், மூன்று கோல் அந்தப் பக்கம் சர்வசாதாரணம். அதாவது திறமை துளிகூட மாறாமலே ஒரு வருடம் 13, அடுத்த வருடம் 7. முதல் வருடம் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம், அடுத்த வருடம் தூக்கிப் போடுகிறோம். மனிதர் அதே மனிதர்தான்.

எக்ஸ்ஜியைத் தொடர்ந்து தாண்டுகிறவர்கள் இல்லாமல் இல்லை. மெஸ்ஸி வருடக்கணக்காகத் தாண்டினார். தென்கொரியாவின் சன் ஹியுங்-மின்னும் அப்படித்தான். 2021-22 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு பெனால்டிகூட அடிக்காமல் 23 கோல், சலாவோடு அதிக கோல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு காலிலும் ஒரே மாதிரி அடிக்கத் தெரிந்தவர். ஆனால் இப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதனால் ஒரு இளம் ஸ்ட்ரைக்கரைப் பார்க்கும்போது எத்தனை கோல் என்பதைவிட, எத்தனை முறை நல்ல இடத்தில் போய் நின்று பந்து வாங்கினார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். வாய்ப்பைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறவர் என்று கூட்டம் திட்டும் வீரர், பெரும்பாலும் வாய்ப்புக்கு வந்து சேரத் தெரிந்த வீரராக இருப்பார். அது எளிதில் கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயமில்லை.

கோல்கீப்பருக்கு வேறு கணக்கு. ஷாட் காலைவிட்டுக் கிளம்பிய பிறகு கம்பங்களுக்கு நடுவே எந்த மூலைக்குப் போகிறது என்பதையும் சேர்த்து, ஆன் டார்கெட் ஷாட்களுக்கு மட்டும் போடும் எக்ஸ்ஜி ஒன்று உண்டு. அதோடு அவர் வாங்கிய கோலை ஒப்பிட வேண்டும். வெறும் சேவ் எண்ணிக்கையை வைத்துக் கீப்பரைப் புகழ்வது, கைக்கு வந்த பந்தைப் பிடித்ததற்காகப் புகழ்வதாக முடியலாம்.

ஒரு பழைய பிழையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் அதே பிழை வேறு உருவில் வருகிறது. 1950 மார்ச் 18 அன்று, பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்காளராக இருந்த சார்லஸ் ரீப் என்பவர் ஸ்விண்டன் டவுன் அணியின் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் நோட்டும் பென்சிலும் எடுத்துக் குறிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் விடாமல் குறித்தார். அந்த உழைப்புக்கு முன்னால் தலைவணங்க வேண்டும். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் முடிந்த தாக்குதலில் வருகின்றன என்று கண்டார். ஆகவே பந்தைச் சீக்கிரம் முன்னால் தூக்கி அடியுங்கள் என்றார். ஆனால் ஆட்டத்தில் நடக்கும் தாக்குதல்களிலேயே பெரும்பாலானவை மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன. எண்ணிக்கையில் அதிகமாக இருப்பதால் கோலும் அங்கே அதிகம் தெரிகிறது. நூறு தாக்குதலுக்கு எத்தனை கோல் என்று வகுத்துப் பார்த்திருந்தால் வேறு படம் கிடைத்திருக்கும். "இந்த ஆட்டக்காரர் தூரத்திலிருந்து மூன்று கோல் அடித்திருக்கிறார்" என்று யாராவது சொன்னால், எத்தனை முயற்சியில் என்று கேளுங்கள்.

எக்ஸ்ஜி எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. சிலர் ஷாட் அடிக்கும் நொடியில் கீப்பரும் டிஃபெண்டர்களும் எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. ஒரே ஷாட்டுக்கு ஓரிடத்தில் 0.10, இன்னோரிடத்தில் 0.16 இருந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பருவம் முழுக்க ஒரே இடத்து எண்ணை எடுத்துக்கொண்டால் போதும்.

உங்கள் ஆட்டத்தின் பதிவு இருந்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு தாளில் பாக்ஸை வரைந்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அடித்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஹெடருக்குப் பெருக்கல் குறி. பக்கத்தில் நிமிடத்தை எழுதுங்கள். அந்த ஒரு கோல் விழுந்த நிமிடத்துக்கு முன்பு வந்தவற்றை நீலத்திலும், பின்பு வந்தவற்றைச் சிவப்பிலும் குறித்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். நீலப் புள்ளிகள் கோலுக்கு நேர் எதிரே, பெனால்டி புள்ளியைச் சுற்றிக் கொத்தாக விழுந்திருந்தால் உங்கள் அணி நன்றாக ஆடித் தோற்றது என்று தாராளமாகச் சொல்லலாம். சிவப்பு மட்டும் பாக்ஸுக்கு வெளியே சிதறிக் கிடந்தால், அந்த 20-ஐ மறந்துவிட்டு, கோல் விழுந்த நிமிடம் வரை என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள்.